எண்பதாம் நம்பர் நரம்பு

அப்பா இருந்தார், கயிற்றுக் கட்டிலில். மதினி இருந்தாள், அடுப்படி நிலையில் சாய்ந்து, உள்ளே குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு. லாரி டிரைவர் இருந்தார், வீட்டில் இருந்த ஒரே ஸ்டூலில். அண்ணன் இருந்தான், அவர் காலடியில் சம்மணம் போட்டு, கையில் ஒரு போட்டோவோடு. நான் இருந்தேன். மில்லில் பகல் ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் முகம் கழுவவில்லை. புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐந்து பேரும் அந்தப் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கறுப்பு வெள்ளைப் போட்டோ. ஓரத்தில் ஈரம் பட்டு உப்பியிருந்தது. சட்டை போடாத ஒருவர் ஒரு மீனைச் செவுளுக்குள் கைவிட்டுத் தூக்கிப் பிடித்திருந்தார். மீனின் வாய் அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. வால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அப்படி ஒரு மீனை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் கண்மாயில் விரால் வரும், கெளுத்தி வரும், கெண்டை வரும். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் பிடித்தால் தெருவே வந்து பார்க்கும்.

"இதுக்குப் பேரு என்ன சொன்னிய?" என்று மதினி கேட்டாள்.

"கொடுவாங்க," என்றார் டிரைவர்.

"கொடுவாளா?" என்றார் அப்பா. அவருக்கு ஒரு காதுதான் கேட்கும், அதுவும் பாதி. "கொடுவாள வச்சு என்னத்த வெட்டப் போறிய?"

"அருவா இல்லப்பா. மீனு. மீனு பேரே கொடுவா," என்று அண்ணன் அவருடைய நல்ல காதில் கத்தினான்.

"மீன வெட்டவா கொடுவாளு? அம்புட்டுப் பெருசாலே?"

"ஆமாங்க பெரியவரே, அம்புட்டுப் பெருசுதான்," என்று டிரைவர் எங்கள் பேச்சிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்ததாக நினைவில்லை.

அவருக்கு ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். கடல் உள்ளே வந்து, காடும் தண்ணீருமாகக் கிடக்கிற இடம். போட்டோவில் நின்றது அவருடைய மச்சான். டிரைவர் எங்கள் ஊர் இராஜபாளையத்து மில்களில் நூல் ஏற்றிக் கும்பகோணம் பக்கம் கொண்டுபோய் இறக்குவார். இறக்கிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருப்பார். பிறகு திரும்புவார். ஒரு நாள் லாரியைக் கழுவ எங்கள் கண்மாய்க்கு வந்தவர், கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அப்படிப் பழக்கம். அண்ணன் பிடித்த விராலைக் கையில் வாங்கிப் பார்த்து, "எங்க ஊர்ல இதத் தூண்டில்ல குத்திப் போட்டுத்தான்ணே மீன் புடிப்பாங்க," என்றாராம். அந்த ஒரு வார்த்தை அண்ணனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விராலையே இரையாகப் போட்டுப் பிடிக்கிற மீன் எப்படி இருக்கும்? தறிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான், ஆள் உயர மீன் பிடிக்கப் போகிறேன் என்று.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூமில் வேலை பார்த்தான். குடிப்பான். கொஞ்சம் இல்லை. நான் கட்டிக்கொடுத்த இடத்தில் நிலைக்காமல் திரும்பி வந்தபோது, என்னைத் தெரு முனையில் நின்று அழைத்து வந்தவன் அவன். அன்றைக்கும் குடித்திருந்தான். ஆனால் என் டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்காமல் வீடு வரை தலையில் தூக்கி வந்தான். அந்த மாதிரி ஆள். ஒரு நாள் மத்தியானம் குடித்துவிட்டுப் போய்த் தறியில் கையைக் கொடுத்தான். இடது கையில் இரண்டு விரல் நுனி போனது. அவன் நெய்த துணியையே கையில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, வீட்டுக்கு வந்தான். அதோடு விட்டான். யாரும் சொல்லி விடவில்லை. கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவும் இல்லை.

விட்டவனுக்குச் சாயங்காலம் ஆறு மணிதான் பெரும்பாடு. வேலை முடிந்ததும் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவனுக்கு வேறு வேலை வேண்டியிருந்தது. ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு சேத்தூர் போகிற பாதையில் இருக்கும் கண்மாய்க்குப் போனான். முதல் மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. கை நடுங்கி, தக்கை ஆடிக்கொண்டே இருக்குமாம். மீன் கடிக்கிறதா, தன் கை ஆடுகிறதா என்று அவனுக்கே தெரியாதாம். இரண்டாவது மாதம் கெண்டை கிடைத்தது. பிறகு விரால். டிரைவர் போட்டோவோடு வந்தபோது குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. எண்பத்தாறாம் வருஷம், மாசிக் கடைசி.

டிரைவர் குடிப்பார். ஒளித்துக் குடிக்கிறவர் இல்லை. சாயங்காலம் ஆனால் குடிப்பார், பிறகு பாடுவார், கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுப்பார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயம். கெட்டவன் என்றால் அண்ணனே விலகிவிடுவான். இவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் நீட்டுகிற தம்ளரை அண்ணனால் தள்ள முடியாது. போக வரப் பாதையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள். மதினிக்கும் இது தெரியும். குழாயடியில் என்னிடம், "நீ சொன்னாத்தான் அவிய கேப்பாவ. நான் சொன்னா, எம்மேல நம்பிக்க இல்லையான்னு ஒரே வார்த்தையில அடைச்சிருவாவ," என்றாள். நானும் சொல்லவில்லை. ஏழு மாதமாக ஒரு மனிதன் தன்னைத் தானே பிடித்து வைத்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்து, உன்னை நம்பவில்லை, போகாதே என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்குப் போட்டோவோடு ஒரு சீட்டும் வந்திருந்தது. வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று மச்சான் எழுதிக் கொடுத்தது. டிரைவர் அதை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "எண்பதாம் நம்பர் நரம்பு நூறு மீட்டர். முள் இங்கே இருக்கிறது. பால்கோவா ஒரு கிலோ." அவ்வளவுதான். நரம்பு என்றால் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் இழை.

"எண்பதா?" என்று அண்ணன் நிமிர்ந்தான். "ஏட்டி, நம்பர் விசயம்லா. நீ சொல்லு. எண்பது எப்பிடி இருக்கும்?"

நான் மில்லில் ரீலிங்கில் இருந்தேன். ஓடி வருகிற நூலைச் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற வேலை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை, ஆனால் நூலைத் தொட்டால் நம்பர் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேஸ்திரிகூடச் சந்தேகம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார். ஒரு ராத்தல் பஞ்சில் எத்தனை சிட்டம் நூல் வருகிறதோ அதுதான் நம்பர். நூல் மெலிய மெலியச் சிட்டம் கூடும், நம்பரும் கூடும். இருபது என்றால் தடி. நாற்பது நடு. எண்பது என்றால் வாயால் ஊதினால் பறக்கும்.

"எண்பதுன்னா ரொம்ப மெலிசு," என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த நேரத்தில் அதில் கள்ளம் இல்லை.

"எம்புட்டு மெலிசு?"

"தலமுடி மாதிரி."

அண்ணன் போட்டோவைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். மறுபடியும் போட்டோவைப் பார்த்தான். "தலமுடி நூல்லயா இத இழுக்கான் ஒங்க மச்சான்?"

மதினி உடனே பிடித்துக்கொண்டாள். "மீன முன்னால நீட்டிப் புடிச்சிருக்காரு பாருங்க. கிட்டத்துல காட்டுனா நெத்திலியும் திமிங்கிலம்தான்."

"சத்தியமாங்க. நான் கண்ணால பாத்தது," என்றார் டிரைவர். பாவம், அவருக்கும் தூண்டில் தெரியாது. "நம்பரெல்லாம் மச்சானுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது டயர் நம்பர்தாங்க."

"எந்தங்கச்சி நூல் விசயத்துல தப்ப மாட்டா டிரைவரு. அவ சொன்னா தராசு சொன்ன மாதிரி," என்றான் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. வாங்கித் தின்னக் காசு வைத்திருந்த பிள்ளை கடை மூடியிருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது அவன் முகம். டிரைவர் தோளில் தட்டினார். "அடுத்த வியாழக்கிழமை காலையில லோடு ஏத்திக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் வருவேன். யோசிச்சு வைங்கண்ணே," என்று போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பெரியம்மா மகள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்தாள். பார்க்கக் கிளம்பினேன். அண்ணன், "பாய் கடையில விராலுக்கு நாலு முள்ளு வாங்கிட்டு வா. அப்பிடியே பால்கோவா ஒரு கிலோ. போறமோ போகலையோ, கேட்ட மனுசனுக்குக் குடுத்தனுப்பணும்லா," என்றான். போகிறானா இல்லையா என்று அந்தப் பேச்சில் தெரியவில்லை.

பாய் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. பாதிக் கடை சைக்கிள் சாமான், பாதிக் கடை கயிறு, வலை, தூண்டில். பாய் முள்ளைக் காகிதத்தில் குத்தி மடித்துக் கொடுத்தார். காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஓர் ஆசை. எண்பதாம் நம்பரை நைலானில் எவனோ இழுத்திருக்கிறானே, அது எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நூலில் வேலை பார்க்கிறவளுக்கு அந்த ஆசை வரும்.

"பாய், எண்பது நம்பர் நரம்பு இருக்கா? வாங்க இல்ல. பாக்கணும்."

"எண்பதா? அத இங்க யாரு தாயி வாங்குதா? கண்மாயில முதலையா கெடக்கு?" என்று சொல்லிக்கொண்டே உத்தரத்தில் தொங்கிய ஒரு சுருளை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்.

தொட்டேன். தென்னை ஈர்க்கு மாதிரி இருந்தது. விரலில் சுற்றிப் பார்த்தேன், சுற்ற வரவில்லை.

"நம்பர மாத்திச் சொல்லுதிய பாய். இது எண்பது இல்ல."

"ஏன் தாயி?"

"எண்பது மெலிசுல்லா இருக்கணும்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார். "மில்லுல வேலையா? அதான பாத்தேன். இங்க ஒங்க கணக்குத் தலகீழு. நம்பர் ஏற ஏறத் தடி. ஒங்க அண்ணன் விராலுக்கு வாங்குதது நாப்பது. அவருக்கு நம்பரும் தெரியாது கிம்பரும் தெரியாது, விராலுக்குக் குடு, கெண்டைக்குக் குடுன்னு கேப்பாரு, நான் முழம் போட்டுக் குடுப்பேன். இது நாப்பதுக்கு ரெட்டத் தடி."

"இதுல எம்புட்டுப் பெரிய மீன் நிக்கும்?"

"நீயே தொங்கலாம் தாயி," என்றார்.

பால்கோவா வாங்கினேன். பஸ் ஏறினேன். வலப்பக்கம் மலை கூடவே வந்தது. முள் பொதிந்த காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். போட்டோ பொய் இல்லை. மச்சான் பொய் சொல்லவில்லை. டிரைவர் பொய் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அறியாமல் சொன்னது தப்பு, சரி. அறிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர். எனக்கென்று ஊரில் இருந்த மதிப்பு இந்த நூல் நம்பர் ஒன்றில்தான். புருஷன் வீட்டில் இருக்கத் தெரியாதவள் என்று பேசினவர்கள்கூட, நம்பர் சொன்னால் தப்பாது என்று சொல்வார்கள். அந்த வாயால் போய், அண்ணே, நான் சொன்னது தப்பு, எண்பது என்றால் ஈர்க்குத் தடி, மீன் நிஜம் என்று சொன்னால் அவன் சிரிப்பான். என்னைத் தூக்கிச் சுற்றுவான். வியாழக்கிழமை லாரியில் ஏறுவான். பன்னிரண்டு நாள் கழித்து யார் இறங்கி வருவார்? அந்த மீனைப் பிடித்த அண்ணனா, பழைய அண்ணனா? இராஜபாளையம் வரும்வரை இதைத்தான் யோசித்தேன். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. முடிவு எடுத்துச் செய்கிற ஆள் இல்லை நான்.

வீட்டில் அண்ணன் காகிதத்தைப் பிரித்து முள்ளைப் பார்த்தான். "பாய் என்ன சொன்னாரு?" என்றான்.

"ஒண்ணும் சொல்லல."

அதுதான் முதல் பொய். ஒரே வார்த்தைதான். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் அண்ணன் சரியாக இல்லை. கண்மாய்க்குப் போனான், வந்தான். சாப்பிடும்போது கை நின்றுவிடும். "நம்பர் என்னமும் இருக்கட்டும். போய்த்தான் பாத்தா என்ன?" என்பான். செத்த நேரம் கழித்து, "எதுக்கு? தலமுடிய வச்சுக் கெண்டப்பொடி புடிக்கவா அம்புட்டுத் தொல போறது?" என்பான். தறிக்கூடத்தில் கேலி ஆரம்பமாகிவிட்டது. "என்ன, மீனு வண்டி ஏறியாச்சா?" என்று கேட்கிறார்களாம். புதன்கிழமை காலையில் இரண்டு சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தான். மதினி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டை காய்ந்ததும் மடித்து ஒரு பையில் வைத்தான். பையை வாசலில் வைத்தான்.

வியாழக்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் காலையில் வீட்டில் இருந்தேன். தெரு முனையில் ஹாரன் அடித்தது. லாரி தெருவுக்குள் வராது. அண்ணன் பையை எடுத்துக்கொண்டு முனைக்குப் போனான். பால்கோவாவை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். மதினி வரவில்லை. அப்பா கட்டிலில் இருந்தபடியே, "என்னலே, கொடுவாள எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார்.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏறுங்கண்ணே. வெயிலுக்கு முன்ன மதுரையத் தாண்டிரலாம்."

அண்ணன் ஏறவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்தான், குட்டை விரல் இருக்கிற கையை. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தான். "ஏட்டி, கடைசியாக் கேக்கேன். எண்பது தடியா, மெலிசா?"

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் பால்கோவாப் பொட்டலத்தின் நெய் கசிந்திருந்தது.

"மெலிசு," என்றேன்.

"அக்கா, நான் பாத்தேங்க. இந்தக் கண்ணால பாத்தேன்," என்றார் டிரைவர்.

"ஒங்க கண்ணக் குறை சொல்லல. எனக்குத் தெரிஞ்ச எண்பது மெலிசு."

மில் கணக்கில் அது பொய் இல்லை. நான் எனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அண்ணன் மில் நூலைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் கதவுப் பிடியை விட்டான். "கேட்டியளா டிரைவரு? அவ சொன்னா சொன்னதுதான். நீங்க போய்ட்டு வாங்க." நான் பொட்டலத்தை ஜன்னலுக்குள் நீட்டினேன். டிரைவர் வாங்கிக்கொண்டு, "உங்க வீட்ல நூலப் பாத்து மீன அளக்குறீங்க," என்று சொல்லிச் சிரித்தார். கோபம் இல்லை. லாரி போய்விட்டது. அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சட்டையை மாற்றிக்கொண்டு தறிக்குக் கிளம்பினான்.

எனக்கு அன்றைக்கு மில்லுக்குப் போகக் கால் வரவில்லை. வயிற்று வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏமாந்த மனுஷன் சாயங்காலம் எங்கே போவான் என்பதுதான் மனதில் ஓடியது. லாரியில் போனால் குடிப்பான் என்று நினைத்து நிறுத்தினேன். நிறுத்திய கோபத்தில் இங்கேயே குடித்தால்? ஐந்தரை மணிக்குக் கண்மாய்க்கு நடந்தேன். அதற்கு முன்னால் நான் அங்கே போனதில்லை. சாராயக் கடை வழியில்தான் இருந்தது. பெண்பிள்ளை நின்று பார்க்கிற இடம் இல்லை. நின்று பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் இல்லை.

கரையில் ஏறினேன். மதகுப் பக்கம்தான் அவன் உட்காரும் இடம், மதினி சொல்லியிருக்கிறாள். அங்கே ஆள் இல்லை. கம்பு மட்டும் கிடந்தது, நரம்பு அறுந்து போய். கம்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். அப்போது தண்ணீரில் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூழ்கிக் கிடந்த கருவேல மரத்தில் சிக்கிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னட்டி, இங்க எங்க வந்த?"

"சும்மா."

"மெலிசு நூல் பாத்த கண்ணு. இந்த முள்ளு எந்தக் கெளையில கெடக்குன்னு சொல்லு பாப்போம்."

சொன்னேன். எனக்குத் தெரிந்தது. மேல் கிளைக்கு அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு கரையேறினான். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அவன் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது. கண்மாய்ச் சேறு தவிர வேறு வாடை இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு அடிவயிறு வரை போனது. வீட்டு வாசலில் மதினி நின்றிருந்தாள். அவனைப் பார்த்தாள், மோந்து பார்க்கிற மாதிரி கிட்டே வந்தாள், பிறகு துண்டை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே போய் அழுதாள் போலிருக்கிறது. நான் கண்டுகொள்ளவில்லை.

வருஷங்கள் போயின. டிரைவருக்கு வேறு லைன் மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம், ஆள் வரவில்லை. அண்ணன் ஒரு தடவை தவறினான். அப்பா செத்த அன்றைக்கு. அதை மறைக்க ஒன்றும் இல்லை. பிணத்தை எடுத்துவிட்டு வந்து குடித்தான், சுவரோரம் கிடந்தான். மறுநாள் எழுந்து தலையை மழித்துக்கொண்டு, சாம்பல் கரைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு தொடவில்லை. நான் அவனிடம் எண்பதாம் நம்பரைப் பற்றிப் பேசியதே இல்லை. பல நாள் வாய் வரை வந்திருக்கிறது. மில்லில் எண்பதாம் நம்பர் ஓடுகிற நாளில் விரலில் அது நரம்பு மாதிரி உறுத்தும். வீட்டுக்கு வந்து அவன் தூண்டில் கட்டுவதைப் பார்த்தால், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். பிறகு சோறு போடக் கூப்பிடுவாள் மதினி. இப்போது நான் மில்லுக்குப் போவதில்லை, அண்ணன் தறிக்குப் போவதில்லை. சாயங்காலம் வீட்டிலேயே உட்கார்ந்து டீ குடிக்கிறான். ஆறு மணி அடிப்பது அவனுக்குத் தெரிவதுகூட இல்லை. அதைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன், நான் அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் மனதுக்குள் குனிந்து நடந்தேன் என்று. குனிந்திருக்க வேண்டியதே இல்லை. அது தெரிந்தது தொண்ணூற்று நாலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. இரண்டு ஆள் பிடித்து ஒரு மரப்பெட்டியை வாசலில் இறக்கினார்கள். மரத்தூள், ஐஸ், அதற்குள் மீன். போட்டோவில் பார்த்த அதே மாதிரி. வெள்ளி நிறம், முதுகு வளைந்து, வாய் பெரிதாக. கண் செம்பு மாதிரி மின்னியது. தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"நீங்க வரல. அதான் அதுவே வந்துருச்சு," என்றார் டிரைவர். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து என் மடியில் போட்டார். "மச்சான் குடுத்து வுட்டான். இதுல புடிச்சதுதானாம். எண்பதாம் நம்பர். இதாங்க அக்கா உங்க மெலிசு நூலு."

மதினி அதை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். "ஏ ஆத்தாடி. இதுவா தலமுடி?" என்றாள். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சூடானது. மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கறிக்கடையில் இரவல் வாங்கிய கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "அது எனக்குத் தெரியும்," என்றான்.

மறுபடியும் கத்தியைக் கல்லில் இழுத்தான்.

"இவிய லாரியோட போன மறு மாசமே தெரியும். முள்ளு வாங்க வில்லிபுத்தூர் போனேன். பாய் கேட்டாரு, ஒங்க தங்கச்சி எண்பதத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போச்சே, கடலுக்குப் போனியளான்னு."

"பொறவு ஏன்ணே ஏங்கிட்ட கேக்கல?" என்றேன். எட்டு வருஷத்தில் அதைப் பற்றி நான் பேசிய முதல் வார்த்தை.

அவன் கத்தியின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்தான். "கேட்டா நீ நெசத்தச் சொல்லிருவ. பொறவு நான் போகணும்லா?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. அண்ணன் மீனின் செதிளைச் சுரண்ட ஆரம்பித்தான். சுரண்டிக்கொண்டே, எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி சொன்னான். "பையக் கொண்டுபோய் வண்டிகிட்ட நிக்க வரைக்கும் போகணும்னுதான் நெனச்சேன். கதவப் புடிச்சதும் உள்ள இருந்து அந்த வாட வந்துச்சு. முந்தின நாள் குடிச்ச வாட. ஏறுனா அவ்வளவுதான்னு தெரிஞ்சு போச்சு. வேண்டாம்னு சொல்ல வாயும் வரல. தறிக்கூடம் பூராச் சொல்லி வச்சிருந்தேன்லா. அதான் ஒங்கிட்டக் கேட்டேன். நீ தடின்னு மட்டும் சொல்லிராதன்னு ஒன் வாயவே பாத்துட்டு நின்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சத்தமாகச் சிரிக்கிறவள் இல்லை. அன்றைக்குச் சிரித்தேன். எட்டு வருஷம் என் நெஞ்சில் கிடந்ததை அவன் செதிளோடு சேர்த்துச் சுரண்டித் தள்ளிவிட்டான்.

டிரைவருக்குப் பாதிதான் விளங்கியது. "அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்னயத்தான் ஏமாத்தியிருக்கீங்க," என்றார். அவரிடம் அன்று காலையிலேயே வாடை இருந்தது. அண்ணன் காற்று வரும் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மத்தியானம் குழம்பு வைத்தோம். தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. சதை தடியாக இருந்தது, கடல் வாடை இருந்தது. "நம்ம விரால் மாதிரி வராது," என்றான் அண்ணன். ஆனால் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிந்ததும் டிரைவர் இடுப்பிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். மூடியைத் திறந்துவிட்டு, அண்ணனைப் பார்த்து, மறுபடி மூடினார். நல்ல மனிதர்தான்.

"எத்தன வருசமாச்சுண்ணே வுட்டு?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நம்பர் என்றால் என்னைத்தான் பார்ப்பான். இலையை மடித்துக்கொண்டே சொன்னேன்.

"ஒம்பது வருசம். அதுல ஒரு நாள் போக."